தோளில் நீலம் பாரிப்பது பதக்கம் அல்ல

இது துப்பாக்கி நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றப் பதிவு இல்லை. அந்தச் சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்சம் உட்காருங்கள், அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு என் சண்டை வேறு ஆட்களோடு. ஷாட்கன் பழகும் பிள்ளைகளின் தோள் கன்றிப்போய் வீட்டுக்கு வரும்போது, "அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்கிறார்களே, அந்தப் பெரிய மனிதர்களோடு.

2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். 2024ல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். டெல்லியில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் பாட்டு, பரதநாட்டியம், அபாகஸ் வரிசையில் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்துகொண்டது. சந்தோஷம். பிள்ளைகளில் பெரும்பாலோர் பழகுவது 10 மீட்டர் ஏர் ரைபிள், இல்லாவிட்டால் ஏர் பிஸ்டல். அதில் உதை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சில பிள்ளைகள்தான் பறக்கிற தட்டைச் சுடும் ஷாட்கன் பக்கம் போகிறார்கள். டிராப், ஸ்கீட் என்று இரண்டு வகை. கர்ணி சிங் பெயரில் துக்ளகாபாத்தில் இருக்கும் ரேஞ்சுக்குப் போனால் பார்க்கலாம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்தது.

அங்கே சுடுவது 12 போர் துப்பாக்கி. அது உதைக்கும், நிஜமாகவே உதைக்கும். எவ்வளவு உதைக்க விடுவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பெண் ஆசை ஆசையாக டிராப் பழகப் போனாள். மூன்றாவது வாரம் அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "அண்ணா, தோள் முழுக்க நீலமா இருக்கு. கோச்கிட்ட கேட்டா ரெண்டு மாசத்துல மரத்துப்போயிடும்னு சொல்றார். மரத்துப்போறதுக்கா காசு கட்டி அனுப்பறோம்?"

இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. "எனக்கு இது செட் ஆகலைம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நின்றுவிட்டாள். அவளுக்குத் திறமை இல்லை என்று அக்கம்பக்கத்தில் முடிவும் கட்டியாகிவிட்டது. உண்மையில் செட் ஆகாதது அவள் கையில் கொடுத்த துப்பாக்கியும் தோட்டாவும். அவளுக்கும் இந்த விளையாட்டுக்கும் நடுவே வேறு தகராறு எதுவும் கிடையாது.

நான் வாகன உதிரிபாகத் தொழிலில் இருக்கிறவன். அதிர்வைக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளமே. அதனால் "வலியைத் தாங்கு" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்காதவன்தான் தாங்கச் சொல்வான். வாருங்கள், ரேஞ்சில் உலவும் புருடாக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புருடா 1: பெண்பிள்ளைக்கு லேசான துப்பாக்கி கொடு

கேட்க எவ்வளவு அக்கறையாக இருக்கிறது! இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

கணக்கு எளிது. முன்னால் போகிற ரவைக்கு எவ்வளவு உந்தம் இருக்கிறதோ, பின்னால் வரும் துப்பாக்கிக்கும் அதே உந்தம். நியூட்டன் சொன்னது, எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நாம் எல்லாரும் மனப்பாடம் செய்தது. 24 கிராம் ரவை, வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியின் எடை 3.5 கிலோ என்றால் அது வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வரும். ஆற்றல் சுமார் 13 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் 1.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி.

அதே தோட்டாவை 2.7 கிலோ "லேடீஸ்" துப்பாக்கியில் போடுங்கள். வேகம் 3.5 மீட்டரைத் தாண்டும், ஆற்றல் 17 ஜூல். அதாவது அக்கறையின் பெயரால் அந்தப் பெண்ணின் தோளுக்குச் சுமார் 30 சதவீதம் கூடுதல் அடி. (ரவையோடு போகும் பிளாஸ்டிக் குடுவை, மருந்துப் புகை எல்லாவற்றையும் சேர்த்தால் எண்கள் இன்னும் ஏறும். ஒப்பீட்டுக்கு இது போதும்.)

"20 போர் கொடுத்தால்?" என்று கேட்பீர்கள். ரவை எடையும் குறைவாக, துப்பாக்கி எடையும் போதுமான அளவு இருந்தால் நல்லதுதான். 20 போர் என்று பெயர் வைத்த காரணத்துக்காக உதை குறைந்துவிடாது. இறகு மாதிரி ஒரு 20 போரில் கனமான தோட்டாவைப் போட்டால் 12 போரை விட மோசமாக உதைக்கும். தோளுக்குக் கிராமும் கிலோவும்தான் தெரியும், போர் நம்பர் தெரியாது.

சரி, கனமான துப்பாக்கியைச் சின்னப் பெண் தூக்க முடியுமா? நியாயமான கேள்வி. நிமிர்ந்து நிற்க முடியாமல் இடுப்பைப் பின்னால் வளைத்துத் தூக்குகிறாள் என்றால் அது அவளுக்குக் கனம். அப்போது செய்ய வேண்டியது தோட்டாவைக் குறைப்பது, ஒரு நாளைக்குச் சுடும் எண்ணிக்கையைக் குறைப்பது, தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுப்பது. லேசான துப்பாக்கியும் முழுத் தோட்டாவும் கொடுத்துக் கைகழுவுவது அல்ல.

புருடா 2: பெரிய தோட்டா போட்டால்தான் தட்டு உடையும்

இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் முந்தின தலைமுறை வேட்டைக் கதைகளில் வளர்ந்தவர். உடைக்க வேண்டியது என்ன? 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை இருக்கும் ஒரு தட்டு. களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, கீல் மாதிரி ஒரு பொருளையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்துச் செய்தது. கையிலிருந்து நழுவினாலே உடையும். காட்டுப்பன்றி அல்ல.

ஒலிம்பிக்கில் எவ்வளவு ரவைக்கு அனுமதி தெரியுமா? 24 கிராம். ஒரு காலத்தில் 32 இருந்தது, பிறகு 28 ஆனது, இப்போது 24. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்கள் 24 கிராமில் தட்டை உடைக்கிறார்கள். நேற்றுச் சேர்ந்த பையனுக்கு எதற்கய்யா 36 கிராம்?

மறுபடி கணக்கு. அதே துப்பாக்கியில் 24 கிராமிலிருந்து 28 கிராமுக்குப் போனால் ரவை கூடுவது 17 சதவீதம், உதையின் ஆற்றல் கூடுவது 36 சதவீதம். எடை கூடினால் ஆற்றல் வர்க்கத்தில் ஏறும். 36 கிராம் தோட்டாவை 3 கிலோ வேட்டைத் துப்பாக்கியில் போட்டால் சுமார் 35 ஜூல். நம் அரிசிப் பொட்டலம் இப்போது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, முதல் மாடியிலிருந்து விழுகிறது. ஒரு முறை அல்ல, ஒரு ரவுண்டுக்கு 25 தட்டுக்கும். தேர்ச்சிச் சுற்றில் 125 தட்டு. டிராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு குண்டு அனுமதி என்பதால் எண்ணிக்கை அதற்கும் மேலே போகும்.

மிச்சமான தோட்டாவைத் தலையில் கட்டுகிற வேலையும் நடக்கிறது. யாரோ வேட்டைக்கு என்று வாங்கிவைத்த பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பிள்ளைகளிடம் வருகிறது. தோட்டாப் பெட்டியின் மேலேயே கிராம் கணக்கு அச்சடித்திருக்கும். படியுங்கள். மருந்துக் கடையில் காலாவதித் தேதி பார்க்கிறோமே, அந்த ஐந்து வினாடி வேலைதான்.

புருடா 3: துப்பாக்கி எல்லாருக்கும் ஒன்றுதான்

ஆறடி சர்தார்ஜிக்குத் தைத்த கோட்டை உங்கள் மகனுக்குப் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? துப்பாக்கியின் பின்கட்டையும் அப்படித்தான். டிரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை இருக்கும் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். நீளம் அதிகமானால் கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். நீலம் பாரிக்கிற இடம் புஜமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நீளம் குறைந்தால் பிள்ளையின் கட்டைவிரல் அவன் மூக்கையே குத்தும்.

கன்னம் படுகிற மேல்விளிம்பு தாழ்ந்திருந்தால், தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி. சுட்டதும் கட்டை எழும்பிக் கன்னத்தில் அறையும். கட்டையின் பின்முனை சாய்வு சரியில்லை என்றால் கீழ்நுனி மட்டும் மார்பில் குத்தும். பெண்பிள்ளைகள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு வலியைத் தாங்குகிறார்கள். அம்மாக்களே, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டெல்லிக் குளிர் இதில் தனி வில்லன். அக்டோபரில் டி-ஷர்ட்டோடு சரியாக இருந்த கட்டை, ஜனவரியில் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட் போட்டதும் நீளமாகிவிடும். ஊரில் இந்தப் பிரச்னை நமக்குத் தெரியாது. இங்கே வருடத்துக்கு இரண்டு முறை அளவு பார்க்க வேண்டும். மேலே மாட்டுகிற ரப்பர் உறையும் அப்படியே. அது உதையை மட்டுப்படுத்தும், கூடவே நீளத்தையும் கூட்டும். குட்டைக் கை உள்ள பிள்ளைக்கு அதை மாட்டினால் ஒரு வலி போய் இன்னொரு வலி வரும்.

புருடா 4: பயத்தில் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அடி குறையும்

புதுப் பிள்ளைகள் இயல்பாகச் செய்கிற காரியம் இது. வலிக்கிறது, அதனால் துப்பாக்கியைத் தோளிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடிக்கிறார்கள். துப்பாக்கி ஓடி வந்து இடிக்க அந்த இடைவெளி போதும். தோளோடு ஒட்டியிருந்தால் துப்பாக்கியும் உடம்பும் சேர்ந்து நகரும். மூன்றரைக் கிலோ தனியாக வருவதற்கும் உடம்பின் எடையோடு சேர்ந்து அசைவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அடி, தள்ளலாக மாறிவிடும்.

அதற்காகக் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கவும் கூடாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கட்டை முதலில் கன்னத்துக்கு வர வேண்டும், பிறகு தோளுக்கு. தலை துப்பாக்கியைத் தேடிக் குனியக் கூடாது. காரை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கம் ஒரு சதைக்குழி இருக்கிறது. முழங்கையைச் சற்று உயர்த்தினால் அந்தக் குழி தானாகத் தெரியும். கட்டை அங்கே உட்கார வேண்டும். எலும்பின் மேலும் கூடாது, புஜத்தின் மேலும் கூடாது. உடம்பின் எடை முன்காலில் கூடுதலாக, மூக்கு முன்கால் விரல்களுக்கு நேராக. பின்னால் சாய்ந்து நிற்கிறவனை ஒவ்வொரு குண்டும் இன்னும் பின்னால் தள்ளும்.

இதை வீட்டில் கண்ணாடி முன்னால் தினம் பத்து நிமிடம் பழகலாம். துப்பாக்கி வீட்டில் முறைப்படி இருக்கிற குடும்பங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இரண்டு குழலையும் திறந்து காலி என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும், தோட்டா வேறு அறையில் பூட்டில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். மற்றவர்கள் ரேஞ்சிலேயே பழகினால் போதும்.

புருடா 5: வலி வேறு, ஸ்கோர் வேறு

இங்கேதான் வீரவசனக் கோஷ்டி முழுசாகத் தோற்கிறது. வலிக்கும் என்று மூளைக்குத் தெரிந்துவிட்டால், டிரிகர் அழுத்துவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடும், தோள் முன்னால் துள்ளும், குழல் இறங்கும். பிள்ளைக்கே இது தெரியாது. துப்பாக்கி உதைக்கும்போது நடக்கிற அசைவில் இது மறைந்துபோகும். கண்டுபிடிக்க எளிய வழி, பிள்ளைக்குத் தெரியாமல் கோச் ஒரு போலித் தோட்டாவை நடுவில் போடுவது. டிரிகர் அழுத்தியதும் "டிக்" என்று சத்தம் மட்டும் வரும், குழல் மட்டும் மண்ணைப் பார்க்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதில் காதுக்கும் பங்கு உண்டு. ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடச் செவிக்குக் கெடுதல் செய்யலாம். உதைக்குப் பயம் என்று நாம் நினைப்பதில் சத்தத்துக்கான பயமும் கலந்திருக்கிறது. காதுக்குள் அடைப்பான் ஒன்று, அதற்கு மேல் மூடி ஒன்று, இரண்டும் போட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளுக்குத் துப்பாக்கியே சாதுவாகிவிட்ட மாதிரி இருக்கும்.

"ராணுவத்துக்காரர்கள் சுடவில்லையா, அவர்களுக்கு வலிக்கவில்லையா?" என்று அடுத்த அம்பு வரும். 2004ல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியது டபுள் டிராப்பில். ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும், இரண்டையும் உடைக்க வேண்டும். முதல் குண்டில் துப்பாக்கி எகிறிவிட்டால் இரண்டாவது தட்டு போயே போச்சு. அந்த ஆட்டத்தின் அடிப்படையே உதையை அடக்குவதுதான். அவரைக் காட்டி வலியைத் தாங்கச் சொல்கிறவர்களுக்கு அந்த விளையாட்டே புரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு உதாரணம். 2024 பாரிஸில் பெண்கள் டிராப் தங்கம் வாங்கியவர் குவாத்தமாலாவின் அட்ரியானா ருவானோ. அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அவர் முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. முதுகெலும்பில் அடிபட்டு அதை விட வேண்டி வந்தது. விளையாட்டை விட மனசில்லாதவருக்கு டாக்டர் காட்டிய வழி துப்பாக்கி சுடுதல். அடிபட்ட முதுகோடு வந்தவர் 50க்கு 45 தட்டு உடைத்துத் தங்கம் வாங்கிய விளையாட்டு இது. இதில் நல்ல தோளோடு வருகிற பிள்ளைகளை ஒரு மாதத்தில் ஊமைக்காயத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றால் யார் மேல் தப்பு?

நம் ஊர்ப் பெருமையும் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான், 2023ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் அணியோடு தங்கம் வாங்கினார், பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். "இதெல்லாம் வடநாட்டு ராஜாக்கள் விளையாட்டு" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

ராஜாக்கள் என்றதும் பணம் ஞாபகம் வரும். நியாயம்தான், இது மலிவான விளையாட்டு இல்லை. ஆனால் தோளைக் காப்பாற்ற ஆகும் செலவு மொத்தச் செலவில் ஓரத்தில் இருக்கும் சில்லறை. நல்ல ரப்பர் பேடு, கட்டை நீளத்தைக் கூட்டக் குறைக்க இடையில் வைக்கும் தகடு, மேல்விளிம்பை உயர்த்தி சோதித்துப் பார்க்க ஒட்டுகிற ஃபோம் பட்டை, காதடைப்பான். இவ்வளவுதான். வாயுவால் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் உதை இன்னும் மென்மையாகத் தெரியும், அதே தள்ளலைக் கொஞ்சம் நேரம் நீட்டிக் கொடுக்கும் என்பதால். அது கைவசம் இருந்தால் நல்லது, அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கும் முன் கோச்சிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். முதல் மாதம் எத்தனை கிராம் தோட்டா? துப்பாக்கி எத்தனை கிலோ? கட்டை நீளத்தை என் பிள்ளைக்கு யார் பார்த்துச் சரிசெய்வார்? முதல் நாள் எத்தனை குண்டு? தோள் கன்றினால் என்ன செய்வீர்கள்? முதல் நாள் 25க்கு மேல் வேண்டாம். கடைசிக் கேள்விக்கு "பழகிடும்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அவர் எத்தனை பதக்கம் வாங்கியவராக இருந்தாலும் சரி.

கன்றிவிட்டால் அயோடெக்ஸ் தடவிக்கொண்டு மறுநாளே போய்ச் சுடுவது வேண்டாம். நீலம் முழுக்கப் போகும்வரை ஓய்வு, அதற்குள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கை மரத்துப்போவது, விரலில் ஊசி குத்துவது, காரை எலும்பைத் தொட்டால் வலி, கையை மேலே தூக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் போங்கள். வளர்கிற வயது எலும்பில் விளையாடாதீர்கள்.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. தராசும் கால்குலேட்டரும் வைத்திருக்கிறவன், அவ்வளவுதான். இதில் நான் சொன்ன கணக்கு தப்பு என்று நினைக்கிறவர்கள் எண்ணோடு வாருங்கள், பேசுவோம். "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கிற பின்னூட்டங்களுக்கு மட்டும் பதில் கிடையாது :-)